புதுக் குடியிருப்பு வந்தால் பக்கத்துப் பள்ளிக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் இருந்த குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டபோது, முதலில் திணறியவற்றுள் பள்ளிக்கூடமும் ஒன்று. அதே கட்டம் இன்று வேறு ஊர்களிலும் வருகிறது. புதிதாகக் குடியேறும் பெற்றோர், முன்பிருந்தே அந்த ஊரில் இருக்கும் பெற்றோர், தலைமை ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஆகியோர் அடிக்கடி கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள்.

ஏழைகளுக்கான குடியிருப்பு வந்தாலே அரசுப் பள்ளியில் நெரிசல் வந்துதான் தீருமா?

இல்லை. நெரிசலை உண்டாக்குவது இரண்டு நாட்காட்டிகள் ஒட்டாமல் போவதுதான். வீட்டுச் சாவி ஒரே வாரத்தில் ஆயிரம் குடும்பங்களுக்குக் கொடுக்கப்படலாம். ஆசிரியர் பணியிடமோ ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் தலைக்கணக்கை வைத்துத்தான் அனுமதிக்கப்படுகிறது. வகுப்பறை அதற்கும் பின்னால் வருகிறது. தனியார் மனைப்பிரிவில் குடும்பங்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சிறுகச் சிறுகக் குடியேறுவதால் பள்ளி ஓரளவு ஈடு கொடுத்துவிடும். வாரியக் குடியிருப்பில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. அதனால் பழியைக் குடியேறும் குழந்தைகள் மேல் போடுவது தவறு.

1,000 வீடுகள் வந்தால் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஓரளவு துல்லியமாகவே சொல்லலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 7.21 கோடி பேரில் 6 வயது வரையிலான குழந்தைகள் ஏறத்தாழ 74 லட்சம். ஏழு வயதுப் பிரிவுகளுக்கும் பகிர்ந்தால், ஒரு வயதுக்கு மக்கள்தொகையில் சுமார் 1.5 விழுக்காடு. வீட்டுக்கு 4 பேர் என்று வைத்தால் 1,000 வீட்டில் 4,000 பேர். ஒரு வயதுக்கு 60 பிள்ளைகள். ஆக 1 முதல் 5 வகுப்பு வரை 300, 6 முதல் 8 வரை 180, 9 முதல் 12 வரை 240. மொத்தம் 720.

இதைக் குறைந்தபட்ச மதிப்பாகவே கொள்ளுங்கள். மறுகுடியமர்வுக் குடியிருப்பில் இளங்குடும்பங்கள் அதிகமாக இருந்தால் எண்ணிக்கை கூடும். விலை கொடுத்து வாங்கும் வீடுகளில் ஒரு பகுதிப் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போய்விடுவார்கள். அன்றாடக் கூலியை நம்பி இடம்பெயர்த்து வைக்கப்பட்ட குடும்பங்களில் அந்தக் குறைவை எதிர்பார்க்கக் கூடாது.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. யாருக்கு எந்த வீடு என்று ஒதுக்குவதற்கு முன்பு குடும்பங்களைக் கணக்கெடுக்கிறார்கள். அந்தப் படிவத்தில் பிள்ளையின் வயது, படிக்கும் வகுப்பு, இப்போதைய பள்ளி, பயிற்றுமொழி, மாற்றுத்திறன் இருந்தால் அதன் விவரம் ஆகிய ஐந்தையும் சேர்த்துக் கேட்டுவிட்டால் போதும்; ஊகமே தேவைப்படாது. தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (2021 வரை குடிசை மாற்று வாரியம்) எடுக்கும் கணக்கெடுப்பின் நகல், வீடு கட்டி முடிவதற்கு ஓராண்டு முன்பே முதன்மைக் கல்வி அலுவலரின் மேசைக்குப் போயிருக்க வேண்டும்.

அத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை ஆசிரியர், எத்தனை வகுப்பறை?

கல்வி உரிமைச் சட்டம் 2009, தன் இணைப்பு அட்டவணையில் இதைத் தெளிவாகச் சொல்கிறது. 1 முதல் 5 வகுப்பு வரை: 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 90 வரை 3, 120 வரை 4, 200 வரை 5. பிள்ளைகள் 150ஐத் தாண்டினால் இவர்களோடு ஒரு தலைமை ஆசிரியர். 200ஐத் தாண்டினால் தலைமை ஆசிரியரைச் சேர்க்காமல் 40 பேருக்கு ஒருவருக்குக் குறையக் கூடாது. 6 முதல் 8 வரை 35 பேருக்கு ஒருவர். அதிலும் கணிதம்–அறிவியல், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்குத் தனித்தனியாக ஆள் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு வகுப்பறை என்பதும் அதே அட்டவணையில் உள்ள விதிதான்.

ஓர் எடுத்துக்காட்டு. 140 பிள்ளைகளும் 5 ஆசிரியர்களும் இருந்த ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு 300 பேர் புதிதாக வருகிறார்கள். மொத்தம் 440. இப்போது தேவை 11 ஆசிரியர், ஒரு தலைமை ஆசிரியர், 11 வகுப்பறை. அதாவது பள்ளி இரண்டு மடங்குக்கு மேல் வளர வேண்டும். வளரவில்லை என்றால் ஒரே அறையில் 88 பேர் உட்கார்வார்கள்.

கழிப்பறையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 40 பிள்ளைகளுக்கு ஓர் அலகு என்பது பொதுவாகப் பின்பற்றும் அளவு. 440 பேருக்கு 11 அலகுகள். இது குறைந்தால் மேல்வகுப்புப் பெண் பிள்ளைகள்தான் முதலில் பள்ளிக்கு வராமல் நிற்பார்கள். காலை உணவு, சத்துணவு சமைக்கும் கூடத்தையும் அடுப்பு, பாத்திரம் வரை புதிய எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்ற வேண்டும். 140 பேருக்கு வாங்கிய அண்டாவில் 440 பேருக்குச் சோறு வேகாது.

குடியிருப்புத் திட்டத்திலேயே பள்ளிக்கு இடம் ஒதுக்குவதில்லையா?

ஒதுக்க வேண்டும். மத்திய அரசின் நகரத் திட்டமிடல் வழிகாட்டுதலின்படி 5,000 பேருக்கு ஒரு தொடக்கப் பள்ளி, அதற்கு 0.40 ஹெக்டேர், அதாவது சுமார் ஓர் ஏக்கர். 7,500 பேருக்கு ஒரு மேல்நிலைப் பள்ளி.

இந்த அளவுகோலைக் கண்ணகி நகருக்குப் போட்டுப் பாருங்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து எழுந்த அந்தக் குடியிருப்பில் 15,656 வீடுகள். வீட்டுக்கு 4 பேர் என்றால் சுமார் 62,600 பேர். வழிகாட்டுதல் கேட்பது 12 தொடக்கப் பள்ளிகளும் 8 மேல்நிலைப் பள்ளிகளும். மேலே சொன்ன 1.5 விழுக்காட்டுக் கணக்கில் தொடக்க வகுப்புகளில் மட்டும் 4,700 பிள்ளைகள். 40க்கு ஒருவர் என்றாலும் 118 ஆசிரியர்கள். 6,700க்கு மேற்பட்ட வீடுகள் உள்ள செம்மஞ்சேரிக்கும், 20,000க்கு மேற்பட்ட வீடுகளோடு திட்டமிட்ட பெரும்பாக்கத்துக்கும் இதே கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஒரு சிறு நகரம். சிறு நகரத்துக்குரிய பள்ளிகள் வரைபடத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

வழக்கமாக நடக்கும் தவறு இது: வரைபடத்தில் "பள்ளி" என்று ஒரு மனையைக் குறித்துவிடுகிறார்கள். அதைக் கட்டுவது யார், எந்த நிதியில், எந்த ஆண்டில் என்பது எழுதப்படுவதில்லை. வாரியம் கட்டடம் கட்டிக் கொடுத்தாலும் கல்வித்துறை பணியிடம் அனுமதிக்கும் வரை அது பூட்டியே கிடக்கும். கட்டட ஒப்பந்தமும் பணியிட அரசாணையும் ஒரே நேரத்தில் நகர்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அங்கன்வாடி?

400 முதல் 800 பேருக்கு ஒரு மையம் என்பது விதி. 4,000 பேருக்குக் குறைந்தது 5. இவை தரைத்தளத்தில் இருக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தையை ஐந்தாம் மாடிக்கு ஏற்றி இறக்க முடியாது. மின்தூக்கி பழுதானால் மையமே நின்றுவிடும்.

எங்கள் பள்ளிக்கு எல்லை உண்டா? எல்லைக்கு வெளியே உள்ள பிள்ளையைச் சேர்க்க மறுக்கலாமா?

அமெரிக்க நகரங்களில் தெரு தெருவாகக் கோடு போட்டு, இந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பள்ளி என்று பிரிப்பார்கள். புதுக் குடியிருப்பு வந்தால் கோட்டை மாற்றி வரைவார்கள். பெற்றோருக்குள் சண்டை அங்கேதான் தொடங்கும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு அப்படிக் கோடு கிடையாது. 5ஆம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள், 8ஆம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்று மாநில விதி சொல்வது அரசின் கடமையைத்தான். பிள்ளையைத் திருப்பி அனுப்ப அந்த விதியை யாரும் பயன்படுத்தக் கூடாது.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு எல்லை இருக்கிறது. உண்மையில் தொல்லை தருவது அதுதான். கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் 2011 முதல் சென்னை மாநகராட்சிக்குள் இருக்கின்றன. பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில், புனித தோமையார்மலை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. நகருக்குள் மாநகராட்சிப் பள்ளியில் படித்த பிள்ளை பெரும்பாக்கம் வரும்போது மாவட்டம், நிர்வாகம், அலுவலர் எல்லாமே மாறிவிடுகிறது. நகருக்குள் பிள்ளைகள் குறைந்து உபரியாகும் மாநகராட்சி ஆசிரியரைப் பணிநிரவல் செய்து (ஆள் மிகுந்த பள்ளியிலிருந்து குறைந்த பள்ளிக்கு மாற்றி) ஒன்றியப் பள்ளிக்கு அனுப்பவும் முடியாது. மாநகராட்சி ஆசிரியரும் ஒன்றிய ஆசிரியரும் வெவ்வேறு நிர்வாகத்தின் பணியாளர்கள். ஆசிரியர் ஒரு பக்கம், பிள்ளைகள் மறுபக்கம். இரண்டு நிர்வாகங்களுக்கும் மேலே உள்ள துறைச் செயலர் மட்டத்தில் பேசினால்தான் இது அவிழும். வட்டார அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் காத்திருப்பது வீண்.

பிள்ளைகள் வந்து எட்டு மாதமாகிறது. ஏன் இன்னும் கூடுதல் ஆசிரியர் வரவில்லை?

பணியாளர் நிர்ணயம் (எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்வது) ஆகஸ்ட் 1 நிலவரப்படி உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்து நடக்கிறது. செப்டம்பரில் வந்த பிள்ளை அடுத்த ஆகஸ்டில்தான் கணக்கில் ஏறும். அதன் பிறகு கூடுதல் தேவைப் பட்டியல், நிதி ஒப்புதல், கலந்தாய்வு. ஓராண்டுக்கு மேல் போவது இதனால்தான்.

இன்னொரு காரணம் எமிஸ், அதாவது மாணவர் விவரங்களைப் பதிவு செய்யும் பள்ளிக் கல்வித்துறையின் இணையத் தளம். பிள்ளை புதுப்பள்ளியில் தினமும் உட்கார்ந்திருப்பான்; ஆனால் அவனுடைய எமிஸ் பதிவு பழைய பள்ளியிலேயே இருக்கும். பழைய தலைமை ஆசிரியர் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதுப்பள்ளி அவனை எடுத்துச் சேர்க்க முடியும். எண்ணிக்கை குறைந்தால் தன் பள்ளியின் பணியிடம் போய்விடுமே என்ற கவலையில் சிலர் தாமதிக்கிறார்கள். அந்தக் கவலை புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் ஆகஸ்ட் 1 அன்று 50 பிள்ளைகள் பழைய பள்ளிக் கணக்கில் நின்றால், புதுப்பள்ளிக்கு ஓர் ஆசிரியர் கிடைக்காமல் போகிறார். அதோடு பாடநூலும் சீருடையும் காலணியும்கூடத் தவறிப் போகும்.

தலைமை ஆசிரியர் ஜூன் முதல் வாரத்திலேயே இரண்டு பட்டியல்களை ஒப்பிட வேண்டும். வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தும் எமிஸில் இல்லாத பிள்ளை யார் யார்? ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பழைய பள்ளியின் பெயரை எழுதி, விடுவிக்கக் கோரும் கடிதத்தை வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக அனுப்புங்கள். ஜூலை 15க்குள் முடியாதவற்றை மாவட்டக் கல்வி அலுவலரிடம் கொண்டு போங்கள். தொலைபேசியில் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். எழுத்தில் இல்லாத கோரிக்கை நிர்ணயத்தின்போது எடுபடாது.

குடியேற்றத்துக்கு ஏற்ற மாதம் எது?

ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிய. தேர்வு முடிந்திருக்கும், மாற்றுச் சான்றிதழ் வாங்கலாம், ஜூனில் சேரலாம், ஆகஸ்ட் கணக்கில் வந்துவிடலாம். நவம்பர், டிசம்பரில் வெள்ளத்தைக் காட்டி அவசரமாக இடம்பெயர்ப்பதால் அரையாண்டுத் தேர்விலேயே பிள்ளைகள் விட்டுப்போகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் ஆண்டு நடுவில் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு வந்தபோது கண்டது இதுவே. உயிராபத்து இருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போது பள்ளிக்கும் வெள்ள நிவாரணம் போலவே தனி ஆணை வேண்டும்: அருகிலுள்ள பள்ளிகளிலிருந்து மாற்றுப்பணியில் (தற்காலிகமாக) ஆசிரியர்கள், அந்த ஆண்டு முடியும் வரை.

மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்று நனைந்து போனது. சேர்த்துக்கொள்வார்களா?

8ஆம் வகுப்பு வரை சேர்த்தே ஆக வேண்டும். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. கேட்டவுடன் தராத தலைமை ஆசிரியர் மேல் ஒழுங்கு நடவடிக்கைக்கும் அதே பிரிவில் இடமுண்டு. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்பது 14ஆம் பிரிவு. சேர்க்கை நாள் முடிந்துவிட்டது என்று சொல்லக் கூடாது என்பது 15ஆம் பிரிவு. ஆதாரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. முகவரிக்கு வீட்டு ஒதுக்கீட்டு ஆணையின் நகல் போதும். குடும்ப அட்டை மாறும் வரை காத்திருக்காதீர்கள்.

இடையில் பள்ளியை விட்ட பிள்ளையை வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் (4ஆம் பிரிவு). 11 வயதுப் பையனை 2ஆம் வகுப்பில் உட்கார வைத்தால் அவன் ஒரு மாதத்தில் நின்றுவிடுவான்.

9 முதல் 12ஆம் வகுப்பில் இருப்பவர்கள்?

மேலே சொன்ன சட்டப் பாதுகாப்பு 14 வயது வரைதான். 10, 12ஆம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் அரசுத் தேர்வுத் துறைக்குப் போன பிறகு பள்ளி மாறினால் சிக்கல். அந்த ஓராண்டைப் பழைய பள்ளியிலேயே முடிப்பது நல்லது. தினமும் 20 கிலோமீட்டருக்கு மேல் போய்வர முடியாதென்றால் ஆதிதிராவிடர் நலத்துறை அல்லது பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதியில் அந்த ஆண்டுக்கு மட்டும் இடம் கேளுங்கள். 11ஆம் வகுப்பில், தான் எடுத்த பாடப்பிரிவு புதுப்பள்ளியில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே சான்றிதழ் வாங்குங்கள்.

சின்னப் பிள்ளையும் பழைய பள்ளியிலேயே தொடரலாமா?

சட்டம் தடுக்கவில்லை. அரசுப் பள்ளி மாணவருக்குப் பேருந்தும் இலவசம். ஆனால் 1 முதல் 5 வகுப்புப் பிள்ளை தினமும் மூன்று மணி நேரம் பேருந்தில் கழிப்பது நீடிக்காது. முதலில் சனிக்கிழமை வகுப்பு போகும், பிறகு திங்கள், பிறகு பள்ளியே போகும். 1 கிலோமீட்டருக்குள் பள்ளி இல்லாத குடியிருப்புக்குப் போக்குவரத்து, துணையாள் வசதியை ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் கேட்கலாம். தலைமை ஆசிரியர் பெயர்ப் பட்டியலோடு முன்மொழிய வேண்டும்.

நாங்கள் இந்த ஊர்க்காரர்கள். வெளியிலிருந்து வரும் பிள்ளைகளால் தரம் குறையுமே என்று பயப்படுகிறோம்.

ஒரு வகுப்பில் 28 பேர் இருந்த இடத்தில் 88 பேர் உட்கார்ந்தால் யார் வந்தாலும் கற்பித்தல் குறையும். பயத்தின் அந்தப் பாதி நியாயமானது; அதற்குத் தீர்வு ஆசிரியரும் அறையும். மற்றப் பாதி, "குடிசை மாற்று வாரியத்துப் பிள்ளைகள்" என்று முத்திரை குத்துவது. இதற்கு இடம் கொடுக்கவே கூடாது. வீடு இடிக்கப்பட்டு, அப்பா அம்மாவின் வேலை 20 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்ட பிள்ளைகள் இவர்கள்.

புதியவர்களுக்கென்று தனிப் பிரிவு போடுவது பல பள்ளிகளில் நடக்கும் தவறு. வசதிக்காகத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு பருவத்துக்குள் அந்தப் பிரிவுக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிடும், நல்ல ஆசிரியர் அங்கே போக மாட்டார். முதல் நாளே கலந்து உட்கார வையுங்கள். ஊர்ப் பெற்றோர் பிள்ளைகளைத் தனியாருக்கு மாற்றினால் பள்ளியின் எண்ணிக்கை குறைந்து பணியிடமும் குறையும்; பேசக் கூடிய பெற்றோரும் போய்விடுவார்கள். அவர்கள் அங்கேயே இருந்து கூடுதல் ஆசிரியரைக் கேட்டால் இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும்.

கட்டடம் வரும் வரை ஷிப்ட் முறை சரிப்படுமா?

தொடக்க வகுப்புகளுக்கு ஓராண்டு சமாளிக்கலாம். சட்டம் கேட்பது 200 வேலை நாளில் 800 மணி நேரம், அதாவது நாளுக்கு 4 மணி. 6 முதல் 8 வரை 220 நாளில் 1,000 மணி, நாளுக்கு நான்கரை மணிக்கும் சற்று மேல்; இரண்டு ஷிப்டில் இதை அடைப்பது கடினம். ஆசிரியர் எண்ணிக்கை கூடாமல் ஷிப்ட் மட்டும் போட்டால் அதே ஆள் இரண்டு முறை சோர்வார். மதிய ஷிப்ட்காரர்களுக்குக் காலை உணவு தவறும். சத்துணவு நேரத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். தகரக் கூரைக் கொட்டகை வேண்டவே வேண்டாம். சென்னை வெயிலில் பகல் 11 மணிக்கு மேல் அதில் பாடம் நடக்காது. காலியாக உள்ள வாரியத் தரைத்தள வீடுகள், சமுதாயக்கூடம் இவற்றை எழுத்துபூர்வமாக ஓராண்டுக்குக் கேட்டு வாங்குவது மேல்.

தனியார் பள்ளியின் 25 விழுக்காட்டு இடம் உதவுமா?

தொடக்க வகுப்புக்கு மட்டுமே, அதாவது எல்.கே.ஜி. அல்லது 1ஆம் வகுப்பு. 3ஆம் வகுப்பில் இடம்பெயர்ந்த பிள்ளைக்குப் பயனில்லை.

மக்கள் காலி செய்த இடத்துப் பள்ளி என்ன ஆகிறது?

பிள்ளைகள் குறைந்து, ஆசிரியர் உபரியாகி, ஈராசிரியர் பள்ளியாகச் சுருங்குகிறது. பழைய அடுக்குமாடிகளை இடித்து அதே இடத்தில் கட்டும்போது இது இன்னும் வருத்தம் தரும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் குடும்பங்கள் வாடகைக்குப் போகின்றன. அதற்குள் மூன்று ஆகஸ்ட் கணக்குகள் கடந்துவிடும். அவர்கள் திரும்பி வரும்போது பணியிடம் இருக்காது. மறுகட்டுமானத் திட்டம் அறிவித்த உடனேயே, திரும்பி வரவிருக்கும் வீடுகளின் எண்ணிக்கையைக் காட்டி, அந்தப் பணியிடங்களைச் சரண் செய்யாமல் (அரசிடம் திருப்பி ஒப்படைக்காமல்) மாற்றுப்பணியில் மட்டும் அனுப்பக் கோரித் தீர்மானம் போடுங்கள்.

யாரிடம், எப்படிக் கேட்பது?

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். குழு உங்கள் கையில்தான் இருக்கிறது. புதிய குடியிருப்பைச் சேர்ந்தவர்களையும் அதில் சேருங்கள். தீர்மானத்தில் "போதிய ஆசிரியர் இல்லை" என்று எழுதாதீர்கள். "இன்றைய வருகைப் பதிவேட்டின்படி 440 மாணவர், அட்டவணைப்படி தேவை 11, பணியில் இருப்பவர் 5, குறைவு 6, வகுப்பறைக் குறைவு 6, கழிப்பறைக் குறைவு இத்தனை" என்று எண்ணால் எழுதுங்கள். வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் மூவருக்கும் நகல் அனுப்பி ஒப்புகை பெறுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் அதே நகலைக் கொடுங்கள். ஊராட்சி என்றால் கிராம சபையிலும் தீர்மானமாக வையுங்கள். கல்வித்துறை உதவி எண் 14417, முதலமைச்சர் உதவி எண் 1100. வகுப்பறைக்குப் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தையும், நிறுவன நன்கொடைக்கு நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டத்தையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். வாரியத்திடம் கேட்க வேண்டியது: அடுத்த 12 மாதத்தில் இந்தக் குடியிருப்பில் ஒப்படைக்கவிருக்கும் வீடுகள் எத்தனை, எந்தெந்த மாதத்தில், பள்ளிக்கென ஒதுக்கிய மனையின் புல எண்ணும் பரப்பும் என்ன. கல்வித்துறையிடம் கேட்க வேண்டியது: அந்த எண்ணிக்கை தங்களுக்கு எந்தத் தேதியில் கிடைத்தது, அதன் மேல் அனுப்பிய முன்மொழிவின் நகல். இரண்டு பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். அடுத்த மனுவை அந்த மேசைக்கே எழுதுங்கள்.